வாங்கன்னு ஒரு வார்த்தை

நீங்க இப்பிடி இந்தப் பக்கம் வந்துருங்க சார், நான் ஜன்னலோரமா உக்காந்துக்கிறேன். காத்து மூஞ்சியில படலைன்னா எனக்கு வயித்தப் பெரட்டும், அப்புறம் உங்களுக்குத்தான் கஷ்டம். அந்தப் பையை மடியில வச்சுக்கங்க, கீழ என் பெட்டி இருக்கு. கொஞ்சம் பெரிய பெட்டிதான். கல்யாணத்துக்குப் போறவன் கையை வீசிக்கிட்டா போக முடியும்.

எதுவரைக்கும் போறீங்க? புளியங்குடியா. நான் ஸ்ரீவில்லிபுத்தூர். ரெண்டு மணி நேரம் பொழுது போயிரும். வீட்ல யாரெல்லாம் இருக்காங்க? ம். சம்சாரம், பத்தாவது படிக்கிற பொண்ணு. சொந்த வீடா? மாடி எடுத்துருக்கீங்களா? நல்லது, நல்லது. சும்மாதான் கேட்டேன். ஒரு வாய் தண்ணி இருக்குமா?

நீங்க பாட்டுக்குப் படிங்க சார். ஒருத்தர் படிக்கிறப்ப தொந்தரவு பண்ற ஆள் நான் இல்ல. ஆனா ஓடுற பஸ்ஸுல படிச்சா கண்ணு என்னத்துக்கு ஆகும்னு மட்டும் யோசிச்சுக்கங்க. எனக்குப் புரை விழுந்து ஆபரேஷன் பண்ணி ரெண்டு வருசம் ஆச்சு, இப்பவும் வெயில் ஆகாது. அதான் இந்தக் கறுப்புக் கண்ணாடி. மூடி வச்சுட்டீங்களா, அதான் நல்லது.

நானும் படிக்கிறவன்தான். திண்டுக்கல்ல ஒரு அச்சாபீஸ்ல முப்பத்தோரு வருசம் புரூஃப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போவும். எழுத்து ஒண்ணு பிசகுனாக் கூட மொதலாளி என் பேரைத்தான் சொல்லுவாரு. வரதராசன் பார்த்துட்டாரான்னு கேப்பாரு, பார்த்துட்டாருன்னா மறுபேச்சு கிடையாது. அப்பேர்ப்பட்டவனுக்குப் பத்திரிகை எப்படி வந்துச்சுங்கிறீங்க? கொரியர்ல வந்துச்சு சார். ஹெல்மெட்டைக் கூடக் கழட்டாத ஒரு பையன், கையெழுத்துப் போடுங்கன்னு நீட்டுறான். பிரிச்சுப் பார்த்தா என் கூடப் பொறந்த தங்கச்சி மக கல்யாணம்.

நான் தாய்மாமன் சார். நான் மாலையை எடுத்துக் குடுத்தாத்தான் அந்தப் பொண்ணு மணவறைக்கு வரணும். அப்படிப்பட்டவனுக்குத் தட்டுல வெத்தலை பாக்கு பழம் வச்சு, புருசனும் பொண்டாட்டியுமா வாசல்ல வந்து நின்னு, அண்ணே, நீங்க வந்துதான் நடத்தித் தரணும்னு கூப்பிடணுமா இல்லையா. நீங்களே சொல்லுங்க. மூணாம் மனுசனுக்குக் கூட இப்பல்லாம் கொரியர்ல அனுப்புறதில்ல. பால்காரருக்கே நேர்ல குடுக்குறாங்க.

இந்தா இருக்கு, பாருங்க. பிடிச்சுப் பாருங்க சார், ஒண்ணும் செய்யாது. மூலையில மஞ்சள் தடவிருக்கு. தாய்மாமன் பேரு போட வேண்டிய எடத்துல போட்டுருக்கு. முகூர்த்த நேரம் சரி, மண்டபம் சரி, ஒரு காலு கொம்பு விடுபடல. நான் நாலு தடவை பார்த்தேன், ஒரு பிழை இருந்தாலாவது போன் போட்டு நாலு வார்த்தை கேக்கலாம்னு. ஒண்ணும் இல்ல. அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

பின்னாடி திருப்புங்க. கல்யாணப் பொண்ணு எழுத்து அது, கோதைன்னு பேரு. "மாமா, அவசியம் வந்து மாலை எடுத்துத் தரணும். வீட்டுக்கு வெள்ளையடிச்சு சாமானெல்லாம் ஒதுக்கி வச்சிருக்கு. மண்டபத்துக்கு எதிர்லயே லாட்ஜ்ல உங்களுக்கு ரூம் போட்டாச்சு. வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிஞ்சதும் அப்பாவே உங்களை பஸ் ஏத்தி விட்டுருவார்." படிச்சீங்களா. வர்றதுக்கு முன்னாடியே போறதுக்கு ஏற்பாடு. நான் இன்னும் கிளம்பவே இல்ல சார், எனக்குத் திரும்புற பஸ்ஸு ரெடி.

தங்கச்சி வீடு இருக்க லாட்ஜ்ல தங்குற தாய்மாமனை நீங்க எங்கயாவது பார்த்துருக்கீங்களா?

என்னடா இவ்வளவு தூரம் பேசுறானே, இவன் என்ன செஞ்சான்னு நீங்க நினைப்பீங்க. ஒண்ணும் செய்யல. அதைத்தான் சொல்ல வர்றேன். ரெண்டு வருசத்துக்கு முந்தி கண் ஆபரேஷன். எனக்குன்னு பார்த்துக்கிற ஆள் கிடையாது. வீட்டுக்காரி கல்யாணமாகி நாலாம் வருசமே அவங்கப்பா வீட்டுக்குப் போனவ, ஏன் போனான்னு இன்னை வரைக்கும் வாயத் திறந்து சொல்லல. தங்கச்சிதான் போன்ல சொன்னா, ஆபரேஷன் முடிஞ்சதும் பத்து நாளு இங்க வந்து இருண்ணேன்னு. ரெங்கநாயகி. தங்கமான பிள்ளை. வாசல்ல நின்னு வாண்ணே வாண்ணேன்னு ரெண்டு கையையும் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா.

பத்து நாளுன்னுதான் போனேன். கண்ணு சமாச்சாரம் பாருங்க, நாம நினைச்ச மாதிரி ஆறாது. சொட்டு மருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவை. நானே விட்டுக்க முடியுமா, தங்கச்சிதான் விடுவா. அப்புறம் மழை வந்துருச்சு. அப்புறம் தீபாவளி, தீபாவளிக்கு வீட்ல இருக்கிறவனைப் போன்னா சொல்லுவாங்க. அப்புறம் மார்கழி, அந்த ஊரு மார்கழியைப் பார்க்காம வர முடியுமா. இப்படியே ஒரு பதினோரு மாசம் ஓடிருச்சு. ஓடுனதே தெரியல சார். அவ்வளவு சந்தோசமா இருந்தோம்.

கோதை ரூம்லதான் நான் படுத்துக்கிட்டது. அதுலதான் காத்து நல்லா வரும். அவ ஏதோ பேங்க் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருந்தா, அடுப்படியில உக்காந்து படிப்பா. தனியா உக்காந்து படிச்சா புள்ளைக்குச் சலிப்பா இருக்கும்னு நான் போயி ஸ்டூலைப் போட்டு உக்காந்து பேச்சுத் துணை குடுப்பேன். அச்சாபீஸ்ல நடந்த கதையெல்லாம் சொல்லுவேன். அந்தப் பரீட்சையில அவ தேறல. பேப்பர் கஷ்டம்னு எல்லாருமே சொன்னாங்க.

சாப்பாட்டைப் பத்திச் சொல்லணும். எனக்குப் பூண்டு ஆகாது சார். ஒரு பல்லு உள்ள போனாலும் நெஞ்சைக் கரிக்கும். மாப்ளைக்கு, தங்கச்சி வீட்டுக்காரருக்குப் பூண்டு இல்லாமச் சோறு இறங்காது. தங்கச்சி என்ன செய்வான்னா, அவங்களுக்கு ஒரு ரசம், எனக்குன்னு ஒரு ரசம். அவங்களுக்கு ஒரு குழம்பு, எனக்கு ஒரு குழம்பு. ஒரு நாள் கூட முகம் சுளிச்சதில்ல. ஒரு நாள் அடுப்பு முன்னாடியே தலை சுத்தி உக்காந்துட்டா. ஆஸ்பத்திரியில ரத்தம் பார்த்தாங்க. எட்டுதான் இருக்குன்னாங்க. நான்தான் சொன்னேன், பேரீச்சம்பழம் சாப்பிடு தாயி, எல்லாம் சரியாப் போகும்னு. நானே ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்து வச்சேன். நல்ல பழம். ஆளுக்கு நாலு நாலுன்னு தின்னோம்.

அந்தக் கடலை பொட்டலம் உங்களதா? பாதி போதும் எனக்கு. பல்லு ஒத்துழைக்காது.

திருமங்கலம் தாண்டிட்டோமா. சரி, கிளம்புன நாளைச் சொல்றேன், கேளுங்க. அன்னைக்குத்தான் விவகாரமே. நான் பெட்டியை எடுத்துட்டு வாசலுக்கு வந்தேன். போயிட்டு வர்றேன்னு சொன்னேன். நம்ம பக்கம் போறேன்னு யாரும் சொல்ல மாட்டோம்ல. போயிட்டு வர்றேன்னா, வீட்ல இருக்கிறவங்க என்ன சொல்லணும்? போயிட்டு வாங்கன்னு சொல்லணும். எதிரி வீட்ல கூடச் சொல்லுவாங்க. தங்கச்சி வாயைத் திறந்தா. பக்கத்துல நின்ன கோதை அவ கையைப் புடிச்சா. தங்கச்சி வாயை மூடிக்கிட்டா. கண்ணுல தண்ணி நிக்குது.

நான் செருப்பை மாட்டுற மாதிரியே நிக்கிறேன். ஒரு காலை மாட்டுறேன், கழட்டுறேன், மறுபடி மாட்டுறேன். காமணி நேரம் நின்னுருப்பேன் சார். மாப்ளை தெருவைப் பார்த்துக்கிட்டு இருக்காரு. கடைசியில கோதைதான் சொன்னா.

"பார்த்துப் போங்க மாமா."

அவ்வளவுதான். போங்கங்கிறா. வாங்கங்கிற வார்த்தையே அதுல இல்ல. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தா. பெட்டியை அவளே தூக்கி வச்சா. பஸ்ஸு எடுக்குறப்ப ஜன்னல் வழியா ஒரு புத்தகத்தை நீட்டுனா, உங்களுக்காகவே வாங்கினேன் மாமா, படிங்கன்னா. நல்ல பிள்ளைதான். ஆனா ஊருக்குப் போறவனுக்கு முறுக்கு அதிரசம் குடுப்பாங்க, புத்தகமா குடுப்பாங்க?

அதை நான் பிரிக்கவே இல்ல. கோபம். ஏழெட்டு மாசம் அலமாரியில கிடந்துச்சு. பொங்கலுக்கு முன்னாடி போன் போட்டேன், ஒரு வாரம் வந்துட்டுப் போறேன்னு. கோதைதான் எடுத்தா. "அந்தப் புத்தகத்தைப் படிச்சீங்களா மாமா? படிச்சிட்டுக் கூப்பிடுங்க, அப்புறம் பேசுவோம்"னு சொல்லி வச்சுட்டா. பரீட்சை வைக்கிறா சார் எனக்கு. அறுபத்தி ரெண்டு வயசுல. சரி, அந்த வீட்டுக்குப் போறதுக்கு இதுதான் வழின்னா இதையும் செஞ்சு பார்த்துருவோம்னு எடுத்தேன்.

என்ன புத்தகம்ங்கிறீங்க? ரத்தம் குடிக்கிறவன் கதை. வெள்ளைக்காரன் ஒருத்தன் நூறு வருசத்துக்கு முந்தி எழுதுனதாம், தமிழ்ல போட்டுருக்காங்க. பேரு வாயில நுழையல. மலைமேல ஒரு கோட்டை, அதுல ஒரு பிரபு, தனிக்கட்டை. பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. அவரு கடலோரத்துல ஒரு ஊருக்கு வர்றாரு. அங்க ஒரு டாக்டர் குடும்பம், புருசன், பொண்டாட்டி, ரெண்டு பொண்ணுங்க. இதுல விசயம் என்னன்னா, அந்தப் பிரபு யார் வீட்டுக்குள்ளயும் தானாப் போக முடியாது. உள்ள இருக்கிறவங்க வாங்கன்னு சொல்லணும். சொன்னாத்தான் வாசப்படியைத் தாண்டுவாரு.

இதைப் படிச்சதும் நான் நிமிர்ந்து உக்காந்தேன் சார். மரியாதை தெரிஞ்ச மனுசன்னா இவருதான்யான்னு தோணுச்சு. மூணு நாள் ராத்திரி மழையில நனைஞ்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறாரு. கதவைத் தட்டல, கத்தல, ஜன்னலை உடைக்கல. நிக்கிறாரு. அவ்வளவு பெரிய பிரபு. மூணாம் நாள் அந்த டாக்டர் சம்சாரம் பாவப்பட்டு, உள்ளே வாருங்கள்ங்குது. அதுக்கப்புறம்தான் போறாரு. இப்படி ஒரு ஆளைப் போயி பேய், பிசாசுன்னு எழுதி வச்சிருக்கான். எங்க அச்சாபீஸ்ல எத்தனை பேர் வாங்கன்னு சொல்றதுக்கு முன்னாடியே நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காருவான் தெரியுமா.

ஒரு தடவை கூப்பிட்டுட்டா அப்புறம் எப்ப வேணும்னாலும் வரலாமாம். அதுவும் நியாயம்தானே. கூப்பிட்ட வீட்டுக்கு ஒவ்வொரு தடவையும் புதுசாவா கூப்பிடுவாங்க.

அப்புறம் கதை போற போக்குதான் எனக்குப் பிடிக்கல. அந்த வீட்ல ஒவ்வொருத்தரா வெளுத்துப் போறாங்க, இளைச்சுப் போறாங்க, படுத்துக்கிறாங்க. எல்லாத்துக்கும் பிரபுதான் காரணம்னு எழுதுறான். எல்லாரும் உக்காந்து டைரி எழுதுறாங்க சார் அந்தக் கதையில. டாக்டர் எழுதுறாரு, மூத்த மக எழுதுறா, சின்ன மக எழுதுறா, வேலைக்காரி கூட ரெண்டு பக்கம் எழுதிருக்கா. அந்த மனுசனுக்கு ஒரு பக்கம் குடுத்துருக்கானா? ஏன்யா வந்தே, உனக்கு என்ன குறை, சாப்பிட்டியா, தூங்குனியான்னு ஒருத்தன் கேக்கல. நானூறு பக்கம். நான் தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு ஆளைப் பத்தி நானூறு பக்கம் எழுதுவானாம், அந்த ஆளைப் பேச விட மாட்டானாம். இது எந்த ஊரு நியாயம்.

கண்ணாடியில அவரு முகம் தெரியாதுங்கிறான். அதை ஒரு பெரிய குத்தமா எழுதுறான். ஆபரேஷனுக்கு முந்தி எனக்குந்தான் தெரியல. கண்ணாடி முன்னாடி நின்னா பின்னாடி இருக்கிற பீரோ தெரியும், காலண்டர் தெரியும், என் மூஞ்சி மட்டும் புகை மாதிரி இருக்கும். அதுக்காக நான் பேயா.

கோதை ஒரு எடத்துல அடையாளம் வச்சிருந்தா. பழைய பஸ் டிக்கெட்டை மடிச்சுச் சொருகி. எதுக்கு வச்சான்னு எனக்கு விளங்கல. பிரபுவை வெளிய அனுப்புறதுக்கு ஒரே வழிதான் உண்டாம். கூப்பிட்ட ஆளு தன் வாயாலயே இனி வராதீர்கள்னு சொல்லணுமாம். அந்த டாக்டர் சம்சாரத்துக்குச் சொல்ல வரல. நல்ல குடும்பத்துப் பொம்பளை, எப்படி வரும்? படுத்த படுக்கையா கிடக்குது, சாகப் போகுது, அப்பவும் வீட்டுக்கு வந்தவரை எப்படிப் போகச் சொல்றதுன்னு அழுவுது. அந்தச் சின்ன மக இருக்காளே, அவதான் அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, சொல்லும்மா, சொல்லும்மான்னு சொல்ல வைக்கிறா. எனக்கு அவளைக் கண்டாலே ஆகல சார். வளர்ந்த பிள்ளை செய்ற காரியமா அது. அந்தப் பக்கத்துல மட்டும் மூணு எழுத்துப் பிழை.

கடைசியில அவரு தூங்குறப்ப வந்து நெஞ்சுல கட்டையை வச்சு அடிச்சுக் கொல்றாங்க. தூங்குற மனுசனை. சொல்றதுக்கு வெக்கமில்ல சார். ராத்திரிச் சோறு இறங்கல.

கல்லுப்பட்டி வந்துருச்சா. அந்தத் தண்ணிப் பாட்டிலைக் குடுங்க. இவ்வளவுதான் இருக்கா? பரவாயில்ல, இது போதும்.

மறுநாள் போன் போட்டேன். அதைத்தான் நினைச்சு நினைச்சுப் பார்க்கிறேன், எங்க தப்பாப் போச்சுன்னு. நல்லாத்தான் பேச ஆரம்பிச்சோம். படிச்சுட்டேன் தாயி, நாப்பத்தி மூணு பிழை இருக்கு, லிஸ்ட் எடுத்து வச்சிருக்கேன், அந்தப் பதிப்பகத்துக்கு எழுதிப் போடுன்னேன். அவ ஒரு மாதிரி மூச்சு விட்டா.

"அது இருக்கட்டும் மாமா. கதையைப் படிக்கிறப்ப யாரைப் பார்த்து உங்களுக்குப் பாவமா இருந்துச்சு?"

யோசிக்கவே இல்ல நான். "அந்தப் பிரபுவைத்தான். பாவம்"னேன்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் ரெண்டு அடிச்சுச்சு, எனக்கு இங்க கேக்குது. அப்புறம் மெதுவாக் கேக்குறா.

"அந்த வீட்டம்மாவைப் பார்த்துப் பாவமா இல்லையா மாமா?"

"அந்தம்மாவுக்கு என்ன. கொஞ்சம் ரத்தம் கம்மியாயிருச்சு. பேரீச்சம்பழம் தின்னா ஊறிட்டுப் போகுது."

சரி மாமான்னா. போனை வச்சுட்டா. அழுதாளா என்னன்னு தெரியல, குரலு ஒரு மாதிரி இருந்துச்சு. கல்யாணம் கூடி வர்ற நேரத்துல பொண்ணுங்களுக்கு அப்படித்தான் இருக்கும். அந்தப் பொங்கலுக்கு என்னை யாரும் கூப்பிடல. அடுத்து எனக்கு வந்ததே இந்தக் கொரியர்தான்.

நான் கேக்குறது ஒண்ணுதான் சார். படிக்கச் சொன்னா, படிச்சேன். என்ன தோணுச்சுன்னு கேட்டா, தோணுனதைச் சொன்னேன். ஒரு எழுத்து விடாமப் படிச்சவன் நான். இந்த ஜில்லாவுல அந்தப் புத்தகத்தை என்னை மாதிரி வேற எவனாவது படிச்சிருப்பானா? பொய் சொல்லிருக்கணுமா? அந்தம்மாதான் பாவம்னு சொல்லிருந்தா வீட்டுக்குள்ள விட்டுருப்பாளா? சொல்லிருப்பேனே. எனக்கு என்ன, ஒரு வார்த்தைதானே. ஆனா ஏன் சொல்லணும்ங்கிறதுதான் எனக்கு இன்னும் பிடிபடல.

எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு வீடுதான் சார். திண்டுக்கல்ல இருக்கிற ரூமுல நான் ரெண்டு நாள் கதவைத் திறக்கலைன்னாலும் ஒருத்தன் எட்டிப் பார்க்க மாட்டான். தங்கச்சி வீட்லதான் காலையில காபியோட ஒரு ஆள் வந்து எழுப்பும். நான் இருமுனா அடுத்த ரூம்ல இருந்து என்னண்ணேன்னு குரல் வரும். அதுக்காகத்தான் போறேன். மாலை எடுத்துக் குடுக்குறது பெருமைதான், இல்லைங்கல. ஆனா எனக்கு வேண்டியது அந்த வாசல்ல நின்னு அவ ஒரு தடவை வாண்ணேன்னு சொல்லணும். அதைக் கேட்டுட்டா லாட்ஜாவது ஒண்ணாவது, பெட்டியைக் கொண்டு போயி நேரா அந்த ரூம்ல வச்சுருவேன்.

வெள்ளிக்கிழமைதான் முகூர்த்தம். லாட்ஜ் ரூம் நாளைல இருந்துதான் சொல்லிருக்காங்க. அதான் இன்னைக்கே கிளம்பிட்டேன், புதன்கிழமையே. ஒரு நாள் முன்னாடி போயி நின்னா வேற வழி இல்லாம வீட்டுக்குத்தான கூட்டிட்டுப் போகணும். மதுரை மாட்டுத்தாவணியில ஏறுனதும் மாப்ளைக்குப் போன் போட்டேன், பஸ் ஏறிட்டேன்னு. இன்னைக்கேவான்னு ரெண்டு தடவை கேட்டாரு. அப்புறம், "சரி மச்சான், பஸ் ஸ்டாண்டுலயே நில்லுங்க, நான் வந்துர்றேன்"ங்கிறாரு. கவனிச்சீங்களா. நில்லுங்கங்கிறாரு. வாங்கன்னு சொல்லல. பின்னாடி தங்கச்சி குரல் கேட்டுச்சு, ஏதோ சொல்ல வந்தா. டக்குன்னு போன் கட்டாயிருச்சு.

ஆனா நான் நம்பிக்கையோடதான் வர்றேன். தங்கச்சி நேர்ல பார்த்தா அவளுக்கு மனசு தாங்காது. கோதை எத்தனை நேரத்துக்குத்தான் அவ கையைப் புடிச்சுக்கிட்டே இருப்பா.

உங்க மாடியில எத்தனை ரூம் சார்? ஒண்ணா. குடி வச்சிருக்கீங்களா? மாமியாருக்குன்னு கட்டுனதா. அவங்க மகன் வீட்டோட இருந்துக்கிட்டாங்களா. அப்ப சும்மாதான் பூட்டிக் கிடக்கு. காத்து வரும்ல? தென்மேற்குல ஜன்னல் இருந்தா நல்லா வரும்.

கிருஷ்ணன்கோவில் தாண்டியாச்சு. இனி அரை மணி கூட இல்ல. எனக்குக் கையெல்லாம் வேர்க்குது பாருங்க. சொந்தத் தங்கச்சி ஊருக்குப் போறதுக்கு வேர்க்கலாமா. அந்தா கோபுரம் தெரியுது பாருங்க. பதினோரு மாசம் தினம் காலையில மொட்டை மாடியில நின்னு அதைப் பார்த்துக்கிட்டேதான் பல்லு விளக்குவேன்.

பஸ் ஸ்டாண்டுக்குள்ள திரும்பிருச்சு. கொஞ்சம் இருங்க சார், காலை எடுக்காதீங்க. அந்தா நிக்கிறாரு மாப்ளை. நீலச் சட்டை, கையில டிவிஎஸ் சாவி. பாருங்களேன், நல்லாத் தேறிட்டாரு மனுசன். நான் இருந்தப்ப கன்னம் ஒட்டிப் போயி எலும்பு தெரியும். இப்பக் கன்னத்துல சதை வச்சு, முடியெல்லாம் கறுப்படிச்சு, பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்காரு. ஒரு வருசத்துல என்னமா மாறிட்டாரு.

அவரு மட்டும்தான் வந்துருக்காரு. தங்கச்சி இல்ல. கோதை இல்ல.

வண்டி பின்னாடி சீட்டுல பாருங்க, ஒரு தலகாணி கட்டிருக்கு. போர்வையும். லாட்ஜுக்குத்தான். நான் லாட்ஜ் தலகாணியில படுக்க மாட்டேன்னு தங்கச்சிக்குத் தெரியும், அவதான் குடுத்து விட்டுருக்கா. தலகாணியைக் குடுத்து விடத் தெரிஞ்சவளுக்கு ஒரு வார்த்தையைக் குடுத்து விடத் தெரியல பாருங்க.

ஒவ்வொரு ஜன்னலாப் பார்த்துக்கிட்டு வர்றாரு. நீங்க கொஞ்சம் முன்னால சாஞ்சுக்கங்க சார். இன்னும் கொஞ்சம். அப்படியே இருங்க.

இல்ல சார், எறங்கல. எறங்கி என்ன செய்யச் சொல்றீங்க. இவரு பின்னாடி உக்காந்து லாட்ஜுக்குப் போறதா. இல்ல, அடம் பிடிச்சு வீட்டு வாசலுக்கே போயி நிக்கிறேன்னு வைங்க, நிலைப்படியில தங்கச்சி நிக்கிறா, பக்கத்துல கோதை அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா, ஒருத்தரும் வாயைத் திறக்கலைன்னா? நான் எத்தனை தடவை செருப்பைக் கழட்டி மாட்டுறது. பயமா இருக்கு சார். உள்ளதைச் சொல்றேன்.

போன் அடிக்குது. அடிக்கட்டும். அந்தா, டிரைவர் பஸ்ஸை எடுத்துட்டான். மாப்ளை இன்னும் போனைக் காதுல வச்சுக்கிட்டுத்தான் நிக்கிறாரு. சரி, அடுத்த பஸ்ஸுல வருவேன்னு நினைச்சுக்குவாரு.

கவலைப்படாதீங்க, கல்யாணத்துக்குப் போகாம இருக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை காலையில நேரா மண்டபத்துக்குப் போயி, மாலையை எடுத்துக் குடுத்துட்டு வந்துர வேண்டியதுதான். புளியங்குடியில இருந்து ஒன்றரை மணி நேரம்தானே. முத பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு உங்களுக்குத் தெரியும்ல? உங்க பக்கம் தென்காசியில நல்ல கண் டாக்டர் இருக்காருங்கிறாங்க. எனக்கும் கண்ணு காட்டணும், நாள் தள்ளிக்கிட்டே போகுது. கண்டக்டர் வந்தா டிக்கெட்டை நீட்டிக்குவோம்.

ஆனா ஒண்ணு சார். நானா உங்க வீட்டுக்கு வர்றேன்னு சொல்ல மாட்டேன். அது என் பழக்கத்துலயே கிடையாது. உங்களுக்குப் பிரியம்னா நீங்களா ஒரு வார்த்தை சொல்லணும். மாடி ரூம் சும்மாதான் கிடக்குன்னு சொன்னீங்க. உங்க பொண்ணுக்குப் பத்தாவது பரீட்சை வருது, படிக்கிற பிள்ளைக்குப் பக்கத்துல பெரியவங்க ஒருத்தர் பேச்சுத் துணைக்கு இருந்தா நல்லதுதானே. தமிழ்ல ஒரு பிழை இல்லாம எழுத வச்சுருவேன்.

என்ன சொன்னீங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, இந்த பஸ்ஸு சத்தத்துல கேக்கல. வாங்கன்னா சொன்னீங்க?

இருக்கட்டும் சார், இருக்கட்டும். இந்தக் காலத்துல இவ்வளவு நல்ல மனுசங்களும் இருக்காங்களேன்னு மனசு நிறைஞ்சு போச்சு. கூடப் பொறந்தவ சொல்லாத வார்த்தையை ரெண்டு மணி நேரம் முன்னாடி பார்த்த நீங்க சொல்லிட்டீங்க. ரொம்ப நாள் இருக்க மாட்டேன், பத்து நாளு. வீட்டம்மாவுக்கு இப்பவே ஒரு போன் பண்ணிச் சொல்லிருங்க. ராத்திரிக்கு ரசம் வச்சாப் போதும், வேற எதுவும் சிரமப்பட வேண்டாம். பூண்டு மட்டும் போட வேண்டாம்னு சொல்லுங்க.